லாண்ட்லோட் வீட்டுக் கலியாணம்

தலை கவனம் தம்பி. குனியுங்கோ. இன்னும் குனியுங்கோ. சரி, அடிபட்டாச்சு. யோசியாதேங்கோ, இஞ்ச வாற எல்லாருக்கும் முதல் மரியாதை தலைக்கு மேல கிடக்கிற அந்தத் தீராந்திதான் செய்யிறது. நானூறு வருசத்துக்கு மேற்பட்ட மரம். அந்தக் காலத்து வெள்ளையள் கட்டையாய் இருந்திருக்கினம் போல. உந்தக் கதிரையில இருங்கோ. உது வேண்டாம், உது ஆடும். எல்லாம்தான் ஆடும், ஆனா இது குறைய ஆடும். நிலம் சரிவு. அதுக்கு நான் ஒண்டும் செய்யேலாது. இதுக்குள்ள ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் கவுன்சிலிட்டைக் கேக்க வேணும்.

நீங்கள் ஐயரை லண்டனில இருந்து ஏத்திக்கொண்டு வந்த ரக்சிக்காரர்தானே? வரேக்க கண்டனான். என்ன குடிக்கிறியள்? ஓரேஞ் யூஸோ. நல்லது. கார் ஓடுற ஆள் அப்பிடித்தான் இருக்க வேணும். நானும் ஒரு சொட்டு வாயில வைக்கிறேல்லை. விக்கிறதோட சரி.

மேல மேளம் கேக்குதெல்லோ, அது என்ர மகளின்ர கலியாணம். ஆரணி. ஒரே பிள்ளை. ஓம், சொந்த மகள்தான், ஏன் அப்பிடிப் பாக்கிறியள்? நான் ஏன் கீழ நிக்கிறன் எண்டோ? பாரை ஆர் பாக்கிறது?

ஒருத்தரும் இல்லையெண்டு எனக்கும் தெரியும். இந்த ஊரே மேல மாடியிலதான் இருக்குது. ஐயர் முடிக்குமட்டும் ஒருத்தரும் குடிக்கக் கூடாதெண்டு என்ர மனிசி சொல்லிப்போட்டாள், வெள்ளையளும் பள்ளிக்கூடப் பிள்ளையள் மாதிரித் தலையாட்டிப்போட்டு ஏறிப் போட்டினம். அதுக்காகப் பாரைப் பூட்டேலுமோ? பொறுப்பான ஒருத்தர் நிக்கத்தானே வேணும்.

சரி, உங்களிட்டை மறைச்சு என்ன. நான் இந்தக் கலியாணத்துக்குச் சம்மதிக்கேல்லை. தாரை வார்க்கேக்க பொம்பிளையின்ர கையைப் பிடிச்சுக் குடுக்க வேண்டியவன் நான். தகப்பன் இல்லாமல் அது எப்பிடி நடக்குமெண்டு பாப்பம். கூப்பிட வருவினம். வந்தாப்போல போறதோ விடுறதோ எண்டு நான் பேந்து யோசிப்பன். அதுதான் படிக்குக் கிட்ட நிக்கிறன். சும்மா, காத்துக்கு.

ஊரில எவ்விடம் நீங்கள்? லண்டன் சரி, அதுக்கு முதல்? வவுனியா. வவுனியா வந்து இருந்த இடமாக்கும். அதுக்கு முதல்? யாழ்ப்பாணத்தில எந்தப் பக்கம்? எந்தக் கோயிலடி? சொல்ல விருப்பமில்லாட்டி விடுங்கோ. நான் ஆக்களை அப்பிடி விசாரிக்கிற ஆள் இல்லை. சும்மா ஒரு கதைக்குக் கேட்டது.

நாங்கள் முந்தி இந்த ஊரில ஒரு சின்னக் கடை வைச்சிருந்தனாங்கள். பாண், பால், பேப்பர். என்ர மனிசி பவளம் அதில மட்டன் ரோல்ஸ் போட்டு வித்தவள். இந்த ‘ஸ்வான்’ பப் அப்ப ஒரு கொம்பனியின்ர கையில இருந்தது. அவங்கள் இதைப் பிரிச்சு வீடுகளாக்கி விக்கப் போறம் எண்டு நிண்டாங்கள். ஊர்ச்சனம் விடேல்லை. கூட்டம் போட்டு, கமிட்டி வைச்சு, கிழடு கட்டையெல்லாம் பங்கு போட்டு வாங்கிப்போட்டுதுகள். வாங்கினாப் பிறகுதான் விளங்கினது, குடிக்கத் தெரிஞ்ச ஆள் ஊர் முழுக்க இருக்குது, நடத்தத் தெரிஞ்ச ஆள் ஒண்டும் இல்லை. அப்பதான் எங்களிட்டை வந்தவை. என்னட்டைத்தான் வந்தவை. கதைச்சது பவளத்தோட.

லைசென்ஸ் எடுக்க ஒரு சோதினை இருக்கு. எனக்கு நேரமில்லாததால பவளத்தை எழுதச் சொன்னனான். நானும் எழுதினனான்தான். கேள்வியள் அவ்வளவு சரியில்லை. அதால வாசலுக்கு மேல உள்ள பலகையில அவளின்ர பேர் கிடக்குது. சட்டத்துக்காகப் போட்டது. அவளை ஊரில எல்லாரும் ‘பேர்ள்’ எண்டு கூப்பிடுகினம். பவளத்துக்கும் முத்துக்கும் வித்தியாசம் தெரியாத சனம். அவளும் திருத்துறேல்லை.

ஆனா என்னை என்னெண்டு கூப்பிடுறவை தெரியுமோ? லாண்ட்லோட். முதல் நாளே ஒரு கிழவன் வந்து, தொப்பியைக் கழட்டி, “ஈவ்னிங், லாண்ட்லோட்” எண்டான். எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. முந்தி எங்கட நாட்டைப் பிடிச்சு ஆண்ட சனம், என்னை லாண்ட்லோட் எண்டுது. உடன ஊருக்கு என்ர தம்பிக்கு போன் அடிச்சுச் சொன்னன். அவன் அதை ஊர் முழுக்கச் சொல்லி, அந்த வருசத்துத் திருவிழா நோட்டீசில ‘இங்கிலாந்து நிலச்சுவாந்தர் அம்பலவாணர் கனகசபை அவர்கள் உபயம்’ எண்டு அடிச்சுப்போட்டாங்கள். அதில என்ர பிழை ஒண்டும் இல்லை. கிழவன் சொன்னதை நான் சொன்னன்.

பிறகுதான் ஆரணி சொன்னவள், பப் நடத்துற எவனையும் இஞ்ச அப்பிடித்தான் கூப்பிடுறதாம். சரி, இருக்கட்டும். கட்டிடத்தின்ர சொந்தக்காரர் ஊர்ச்சனம், வாடகைக்கு இருக்கிறது நாங்கள், லைசென்ஸ் மனிசியின்ர பேரில. ஆனா லாண்ட்லோட் எண்டு கூப்பிட்டா நான்தானே திரும்பிப் பாக்கிறன். எங்கட ஊருக்கு நான் பப் எண்டு சொல்லவும் இல்லை. ஸ்வான் எண்டா அன்னம். ‘அன்ன மாளிகை’ எண்டு சொன்னனான். அதில ஒரு எழுத்துப் பொய் இல்லை.

உங்களுக்குச் சிரிப்பாக் கிடக்குது. இது சும்மா குடிக்கிற இடமில்லைத் தம்பி. தபால் கந்தோர் பூட்டினாப் பிறகு தபால் இஞ்ச. கிழவியள் வந்திருந்து பின்னுறது இஞ்ச. செத்தவீட்டுச் சாப்பாடு இஞ்ச. எங்கட ஊரில கோயில் பாக்கிற வேலையெல்லாம் இந்த ஊரில தவறணைதான் பாக்குது. தவறணை, கள்ளுக்கடை எண்டது வாய் தவறி வந்தது. நீங்கள் அதை வெளியில சொல்லப்படாது.

விசயத்துக்கு வாறன். போன மாரிக்கு, அந்தா, அந்த மூலைத் தூண், ஈரத்தில அடி உக்கிப் போச்சு. மேல் மாடி ஒரு பக்கம் சரியத் தொடங்கீட்டுது. கமிட்டி லண்டனில இருந்து ஒரு எஞ்சினியரை எடுப்பிச்சுது. பழைய மரக் கட்டிடங்கள் மட்டும் பாக்கிற எஞ்சினியர். ஒரு நாள் காலமை வாசலில நிக்கிறான், பாத்தா எங்கட பெடியன். துவாரகன். தலையில அடிபடாமல் உள்ளுக்கு வந்த முதல் ஆள் அவன்தான். தூணைத் தட்டுறான், காதை வைச்சுக் கேக்கிறான், டாக்குத்தர் மாதிரி. எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. ஒரு தமிழன், எஞ்சினியர், வெள்ளையள் சுத்தி நிண்டு வாயைப் பாக்கினம்.

விடுவனோ? பிடிச்சு இருத்தினன். நண்டுக் கறி வைக்கச் சொன்னன். ஆரணியைக் கூப்பிட்டு, தம்பிக்குச் சோறு போடு பிள்ளை எண்டு சொன்னதும் நான்தான். வேலை முடிய ஒரு மாரி எடுத்தது. வாற நேரமெல்லாம் இருத்திச் சாப்பாடு. உக்கினதை மட்டும் வெட்டி எடுத்துப்போட்டு, கீழ புது ஓக் மரம் வைச்சுப் பொருத்துறான். பழைய மரத்தோட புதுசு ஒட்டுமோ எண்டு கேட்டன். “ஒட்டும் அங்கிள். முந்தியும் ரெண்டு மூண்டு இடத்தில அப்பிடித்தான் ஒட்டியிருக்கினம், நீங்கள் கவனிக்கேல்லை” எண்டான். நல்ல பெடியன் எண்டு நானே எல்லாரிட்டையும் சொன்னன். அதுதான் இப்ப எல்லாரும் எனக்குத் திருப்பிச் சொல்லுகினம்.

ரெண்டு பேருக்கும் விருப்பம் எண்டு தெரிஞ்சாப் பிறகுதான், முறைப்படி விசாரிப்பம் எண்டு, பெடியன்ர தகப்பன்ர பேரைக் கேட்டு ஊருக்கு போன் அடிச்சன். முதலே கேட்டிருக்க வேணும். எஞ்சினியர் எண்டதில கண் மறைச்சுப் போச்சு. என்ர தம்பி ரெண்டு நாளில திருப்பி எடுத்தான். “அண்ணை, அது எங்கட காணிப் பனையில கள்ளுச் சீவின கந்தையன்ர பேரன்” எண்டான்.

என்ன தம்பி, கிளாசைத் தள்ளி வைக்கிறியள்? யூஸ் புளிக்குதோ?

இதில நீங்கள் ஒரு விசயம் விளங்க வேணும். எங்கட அப்பா அம்பலவாணர் ஊரில பேர்போன ஆள். தவறணையைக் குத்தகைக்கு எடுத்து நடத்தினவர். ஆனா ஒரு நாளும் அதுக்குள்ள கால் வைச்சதில்லை. ஆள் வைச்சு நடத்தினவர். கள்ளு மணம் எங்கட வீட்டு வாசல் படலையைத் தாண்டினதில்லை. கந்தையன் கணக்குப் பாக்க வந்தாலும் படலைக்கு வெளியிலதான் நிப்பான். ஒரு ஒழுங்கு இருந்தது.

பவளத்திட்டைச் சொன்னன். அவள் ரோல்ஸ் உருட்டிக்கொண்டு, நிமிந்தும் பாராமல் கேக்கிறாள், “கந்தையர் ஏறி இறக்கினதைத்தானே உங்கட அப்பா வித்தவர். கந்தையர் ஏறாட்டி மாமா எதை வித்திருப்பார்?” பாருங்கோ கேள்வியை. லைசென்ஸ் சோதினை பாஸ் பண்ணின திமிர். நான் சொன்னன், இறக்கிறது வேற, விக்கிறது வேற. நான் பியர் ஊத்துறன் எண்டதுக்காகப் பார்லி வெட்டப் போறனோ? அதுக்கு அவள், “நீங்கள் ஊத்துறதுமில்லை, ஊத்தினா அரைவாசி நுரை” எண்டாள். இது ஒரு பதிலோ?

ஆரணி வந்து முன்னால நிண்டவள். “அப்பா, நீங்கள் வராட்டி நான் அழுவன். ஆனா கலியாணம் நடக்கும்” எண்டாள். இங்கிலீசில சொல்லியிருந்தாத் தாங்கியிருப்பன் தம்பி. பிள்ளை எல்லாத்தையும் இங்கிலீசில கதைக்கிறவள். அதைத் தமிழில சொன்னவள்.

கோவம் வராதோ எனக்கு? கமிட்டிக்காரர் எல்லாரும் இருக்கேக்க, இந்த இடத்திலதான் நிண்டு கத்தினன், “அப்பிடியெண்டா லண்டனில மண்டபம் எடுக்க நான் வரமாட்டன், உந்தத் தவறணைக்குள்ளயே வைச்சுக் கட்டுங்கோ” எண்டு. சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டன் எண்டு பாத்தா, ஆரணி அதை அவையளுக்கு இங்கிலீசில மாத்திச் சொல்ல, எல்லாரும் எழும்பி நிண்டு கையைத் தட்டுகினம். ஒரு கிழவி வந்து என்னைக் கட்டிப் பிடிச்சு அழுகுது. இந்த ஸ்வானில அப்பிடியொரு கலியாணம் முந்தி நடந்ததே இல்லையாம். லாண்ட்லோட்டின்ர பெருந்தன்மையாம்.

அதுக்குப் பிறகு என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. மேல் மாடியில மணவறை. வாழைமரத்துக்கு லண்டனுக்கு ஓடுகினம். பின்னுற கிழவியள் இருந்து பூமாலை கட்டுகினம், பின்னுற ஊசியால. பேந்து, ஓமம். மரக் கட்டிடத்துக்குள்ள நெருப்பு எரிக்கிறதோ? அதைப் பற்றிக் கவுன்சிலுக்கு எழுதினது ஆர்? மாப்பிளை. தன்ர கலியாணத்துக்கு நெருப்பு ஆபத்தெண்டு தானே ரிப்போட் எழுதினவன் உலகத்தில இவன் ஒருத்தன்தான் இருப்பான். கடைசியா ஒரு கல்லுப் பலகை, அதுக்கு மேல ஒரு சின்ன இரும்புச் சட்டி, பக்கத்தில ரொஜர். ரொஜர் ஆரெண்டா எங்கட கமிட்டித் தலைவர், முந்தி தீயணைப்பில வேலை செய்தவர். கையில சிலிண்டரோட நிக்கிறார். அக்கினி சாட்சியாத் தாலி கட்டுறது தெரியும். அக்கினியை அணைக்கிற சிலிண்டர் சாட்சியாக் கட்டுறது இஞ்ச மட்டும்தான்.

ஐயராவது ஏதும் சொல்லுவார் எண்டு பாத்தன். நேற்று போனில கேட்டன், “ஐயா, தகப்பன் சம்மதமில்லாத கலியாணம் நீங்கள் செய்யிறனியளோ?” எண்டு. ஆரெண்டு சொல்லாமல்தான் கேட்டன். அவர், “பார்க்கிங் இருக்குதோ?” எண்டு கேட்டார்.

உஷ். கொஞ்சம் பொறுங்கோ. மேளம் நிண்டிட்டுது.

உந்தப் பலகையளுக்கால எல்லாம் கேக்கும். மேல இருமினாலும் கேக்கும். ஐயர் தொடங்கீட்டார். கோத்திரம் சொல்லுறார், தாரை வார்க்க முதல் சொல்லுறது. மாப்பிளைக்குச் சிவ கோத்திரம். எங்களுக்கும் சிவ கோத்திரமாம், கோத்திரம் தெரியாத ஆக்களுக்கெல்லாம் அதுதானாம். நல்ல கதை. ரெண்டு பகுதிக்கும் ஒரே கோத்திரம், ஒரே மூச்சு.

கேட்டியளோ அதை? ‘கந்தையா நாமதேயஸ்ய பௌத்ராய.’ கந்தையாவின்ர பேரனாம். எங்கட வீட்டில ஒரு நாளும் அந்தப் பேருக்கு மரியாதையா ஒரு யா போட்டதில்லை. கந்தையன். இவர் சமஸ்கிருதத்தில யா போடுறார்.

இப்ப எங்கட பக்கம். ‘அம்பலவாண நாமதேயஸ்ய பௌத்ரீம்.’ அது அப்பா. அப்பாவின்ர பேரை இந்தக் கட்டிடத்துக்குள்ள ஒருத்தர் இப்பதான் முதல் முதல் சத்தமாச் சொல்லுறார். ‘கனகசபை நாமதேயஸ்ய புத்ரீம்.’

அது நான்.

நான் வரேல்லையெண்டு ஐயருக்கு ஒருத்தரும் சொல்லேல்லைப் போல.

மூண்டு தரம் சொல்லுவினம் தம்பி. இது முதலாவதுதான். நேரம் கிடக்குது. படியில ஆரும் இறங்குகினமோ? வடிவாப் பாருங்கோ. இல்லையோ. இல்லைத்தான், இந்தப் படியில பூனை நடந்தாலும் எனக்குக் கேக்கும். ஒருத்தர் வந்து, வாங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும். நேற்றுச் சொன்னவைதான். முந்தநாளும் சொன்னவை. துவாரகனும் தாய் தகப்பனும் வந்து, உந்தக் கதிரையிலதான், நீங்கள் இருக்கிறதில, தகப்பன் இருந்து கேட்டவர். காலமையும் பவளம் வந்து கதவில நிண்டு, “கடைசியாக் கேக்கிறன்” எண்டவள். கடைசி எண்டா கடைசியோ? கலியாண வீட்டில சொல்லுற சொல்லோ அது? இன்னொருக்கா வந்து கேட்டா என்ன குறைஞ்சு போகும்?

திரும்பச் சொல்லுறார். இது ரெண்டாவது. கந்தையா. ஓம், ஓம், கந்தையா. அம்பலவாணர். பாருங்கோ, எங்கட அப்பாவைப் படலையைத் திறந்து கூட்டிக்கொண்டு வந்து பக்கத்தில இருத்திப்போட்டார் ஐயர், அவரால எழும்பியும் போகேலாது.

தம்பி, ஒரு உதவி. நீங்கள் ஒருக்கா ஏறி எட்டிப் பாத்திட்டு வாங்கோ. பிள்ளையின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது ஆரெண்டு. ஒருத்தரும் இல்லையெண்டா வந்து சொல்லுங்கோ, நான் வாறதைப் பற்றி யோசிக்கிறன். கெதியாப் போங்கோ. தலை, தலை.

ஆர்? ரொஜரோ? வடிவாப் பாத்தியளோ? சிலிண்டரைக் கீழ வைச்சிட்டோ? பவளம் பக்கத்தில செம்போட நிக்கிறாளோ. சரி. சரி, அப்ப எல்லாம் ஆயத்தமாத்தான் இருந்திருக்கினம்.

அழுகிறாளோ பிள்ளை? அழுகிறாள். சொன்னவள்தானே.

ரொஜர் கை தந்தாலே நசிச்சுப் போடுவார் தம்பி. தீயணைப்புக் குழாய் பிடிச்ச கை, அவருக்கு மெல்லப் பிடிக்கத் தெரியாது. பிள்ளைக்குச் சின்ன வயசில சைக்கிளால விழுந்து வலது மணிக்கட்டு முறிஞ்சது. இந்தக் குளிருக்கு இப்பவும் நோகும். அவள் சொல்லமாட்டாள், பல்லைக் கடிச்சுக்கொண்டு நிப்பாள், அது தாய்க்கும் தெரியாது. ஐயர் மூண்டாம் தரம் சொல்லி முடிக்க முதல் ஓடிப் போய் ரொஜரின்ர காதுக்குள்ள சொல்லுங்கோ, கையை மெல்லப் பிடிக்கச் சொல்லி. நான் சொன்னதெண்டு சொல்லாதேங்கோ. ரக்சிக்காரர் சொன்னதெண்டு சொல்லுங்கோ.